கூடைப்பந்தும் கலாசாலைக் கீர்த்தியும்

"பையன் உசரமா இருக்கான்னு மூணு காலேஜிலே கூப்பிடுறாங்கய்யா. இதிலே எது ஒசத்தின்னு நீங்கதான் சொல்லணும்" என்று ஒரு தகப்பனார் சமீபத்தில் நமது காரியாலயத்துக்கு வந்து கேட்டார். அவர் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்துப் பிழைப்பவர். அவருக்குப் பின்னால் நிலைப்படியில் தலை இடியாதபடி குனிந்து நின்ற குமாரன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவன். பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கோஷ்டியில் ஆடியவன். தகப்பனார் மேஜைமீது மூன்று கடிதங்களை வைத்தார். ஒன்று, தலைநகரை அடுத்த ஒரு பெரிய தனியார் ஸ்தாபனத்திலிருந்து வந்தது; சம்பளமும் சாப்பாடும் இலவசம் என்றது. மற்றொன்று, நூறாண்டுக் கீர்த்தியுள்ள ஒரு கலாசாலையினுடையது. மூன்றாவது, வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய உள்ளூர்க் கலாசாலையினுடையது.

நாம் நியாய சாஸ்திரம் படித்தவர்களேயன்றிப் பந்தாட்டத்தில் பாண்டித்யம் உள்ளவர்களல்ல. ஆகவே உடனே விடை சொல்லாமல், இரண்டு நாள் பொறுத்து வரும்படி அவரை வேண்டிக்கொண்டோம். அந்த இரண்டு நாட்களில் நாம் விசாரித்தவற்றையும் யோசித்தவற்றையும் நேயர்கள் முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். கேட்டவர் ஒருவரேயாயினும் கேள்வி அவருடையது மட்டுமல்ல. பழனி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை ஆகிய ஊர்களிலிருந்தெல்லாம் ஆண்டுதோறும் வைகாசி ஆனி மாதங்களில் இதே கேள்வியோடு தகப்பன்மார் அலைகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல அச்சிட்ட பட்டியல்கள் பல இருக்கின்றன. அந்தப் பட்டியல்களை நாம் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

கலாசாலைகளைக் கூடைப்பந்தால் தரம் பிரிப்பதில் அமெரிக்காவை மிஞ்சிய தேசம் இல்லை. அங்கே என்.சி.ஏ.ஏ. என்னும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1939-ஆம் ஆண்டு முதல் தேசியப் பந்தயம் நடத்தி வருகிறது. முதல் வரிசையில் உள்ள சுமார் 350 கலாசாலைகளில் 68 மட்டும் ஒவ்வொரு மார்ச் மாதமும் அப்பந்தயத்துக்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. வாரந்தோறும் பத்திரிகைக்காரர்கள் வோட்டுப் போட்டு வரிசை வகுக்கும் வழக்கம் 1949-ல் தொடங்கியது. இத்தனை கணக்கு இருந்தும், "எது உயர்ந்தது?" என்று கேட்டால் அங்கும் ஒரே விடை கிடைப்பதில்லை என்பதே விந்தை.

கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. 11 முறை தேசியப் பட்டம் பெற்றிருக்கிறது. வேறெவரும் அத்தொகையை எட்டவில்லை. ஆனால் அவற்றுள் 10 பட்டங்கள் 1964-க்கும் 1975-க்கும் இடையில், ஜான் வுடன் என்ற ஒரே ஆசிரியரின் காலத்தில் வந்தவை. அதற்குப் பின் 1995-ல் வந்தது ஒன்றேயாகும். இண்டியானா 5 பட்டம் பெற்ற பெருங்குடி. அதன் கடைசிப் பட்டம் 1987-ஆம் ஆண்டினது. கெண்டக்கிக்கு 8 பட்டங்கள்; கடைசியாகப் பெற்றது 2012-ல். இதற்கு மாறாகக் கனெக்டிகட் சர்வகலாசாலை 1999-க்கு முன் ஆண்கள் பிரிவில் ஒரு பட்டமும் அறியாதது. அந்த ஆண்டு முதல் 2024 வரை 6 பட்டங்களைப் பெற்றுவிட்டது; அவற்றுள் கடைசி இரண்டும் 2023, 2024 என அடுத்தடுத்து வந்தவை. மொத்தத்தைக் கூட்டினால் முதலில் நிற்பது ஒன்று. கடைசி முப்பதாண்டைக் கூட்டினால் முதலில் நிற்பது வேறொன்று. ஆகவே பட்டியல் பொய் சொல்வதில்லை; எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்று தீர்மானிப்பவரே தீர்ப்பையும் முன்கூட்டி எழுதிவிடுகிறார்.

கீர்த்தி என்பது பழைய வெற்றியின் வட்டி. சமீபத்திய வெற்றி என்பது கையிலுள்ள ரொக்கம். வட்டியை நம்பி முதலைச் செலவிட்ட குடும்பங்கள் உண்டு. கையில் ரொக்கம் புரள்வதாலேயே ஒரு குடும்பம் ஸ்திரமானது என்று சொல்வதற்குமில்லை. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டு ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருள் பெறலாம் என்று ஆயிற்று. 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல், ஒரு கோர்ட்டு வழக்கின் ராஜிப்படி, கலாசாலைகளே நேராகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. மாணவர்கள் ஒரு கலாசாலையை விட்டு மற்றொன்றுக்குத் தாவுவதும் முன்னைவிட எளிதாகிவிட்டது. இந்நிலையில் சமீபத்திய வெற்றியைக் கொண்டு தரம் பிரிக்கும் பட்டியல், ஆசிரியரின் திறமையை அளக்கிறதா, பணப்பையின் கனத்தை அளக்கிறதா என்ற சந்தேகம் எழுவது நியாயமே.

இவ்விடத்தில் ஒரு சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அவர் இதைத் தொடங்கினார். பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, மாடிக் கைப்பிடியில் இரண்டு பழக்கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டு ஆரம்பித்த ஆட்டம் அது. பிறகு அவர் 1898-ல் கான்ஸாஸ் சர்வகலாசாலைக்குச் சென்று, அங்கே முதல் பயிற்சியாளராக இருந்தார். அக்கலாசாலையின் பயிற்சியாளர்களில் வென்றதைவிடத் தோற்றது அதிகமாக உள்ளவர் இதுவரை அவர் ஒருவரே! அவர் காலத்தில் வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. பட்டியலிட்டுப் பார்த்தால், ஆட்டத்தைப் படைத்தவரே கடைசி வரிசையில் நிற்கிறார்.

ஆனால் அவரிடம் ஆடிய பாக் ஆலன், பின்னர் கான்ஸாஸில் புகழ்பெற்ற பயிற்சியாளராகி 1952-ல் தேசியப் பட்டம் பெற்றார். ஆலனிடம் பயின்ற அடால்ப் ரப் கெண்டக்கிக்கு 4 பட்டங்களைத் தேடித் தந்தார். 1952-ஆம் ஆண்டுக் கோஷ்டியில் ஓர் இளைஞராயிருந்த டீன் ஸ்மித், வட கரோலினாவில் 1982-லும் 1993-லும் பட்டம் பெற்றார். அவர் 1997-ல் ஓய்வு பெற்றபோது 879 வெற்றிகள் என்பது அந்நாளில் எவரும் எட்டாத தொகை. அதைவிட நமக்குப் பெரிதாகத் தோன்றுவது, அவரிடம் ஆடியவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார்கள் என்பது. அத்துடன், நிறபேதம் கொழுந்துவிட்டெரிந்த தென் மாகாணத்தில், சார்லி ஸ்காட் என்ற கறுப்பு இளைஞரை உபகாரச் சம்பளம் கொடுத்துத் தம் கோஷ்டியில் சேர்த்தவரும் அவரே. அப்படிச் சேர்ந்தவர்களில் அந்தச் சர்வகலாசாலையில் ஸ்காட்டே முதல்வர். தோல்விக் கணக்குள்ள ஒரு ஆசிரியரிடமிருந்து புறப்பட்ட சிஷ்ய பரம்பரை இது. எந்த வாரப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இப்பரம்பரையின் ஒரு கிளை நம் சென்னைக்கும் வந்தது. அதே ஸ்பிரிங்பீல்டு பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையை ஸ்தாபித்தார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியை அழைத்துச் சென்றவரும் அவரே. 1943-ல் அவர் காலமானார். நந்தனத்திலுள்ள அக்கலாசாலையில் பயின்ற தேகப்பயிற்சி ஆசிரியர்கள் தேசமெங்கும் சென்று பள்ளிக்கூட மைதானங்களில் கம்பம் நட்டார்கள். ஆகவே நம் பிள்ளைகளும் ஒருவகையில் நெய்ஸ்மித்தின் பேரப்பிள்ளைகளே.

இனி நம் தேசத்துப் பட்டியலைக் கவனிப்போம். சர்வகலாசாலைகளின் விளையாட்டுக்கென்று மௌலானா அபுல் கலாம் ஆஸாத் பெயரால் ஒரு சுழற்கோப்பை 1956-57-ல் ஏற்படுத்தப்பட்டது. முதலாண்டில் அதைப் பெற்றது பம்பாய் சர்வகலாசாலை. 2019 முதல் 2024 வரையிலான விருதுகளைப் பார்த்தால், சண்டிகரிலுள்ள பஞ்சாப் சர்வகலாசாலை, அமிருதசரஸிலுள்ள குரு நானக் தேவ் சர்வகலாசாலை, மொஹாலிப் பக்கத்துச் சண்டிகர் சர்வகலாசாலை என்று எல்லாம் ஒரே பிரதேசத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது 2012-ல் பிறந்த தனியார் ஸ்தாபனம். 2024-ஆம் ஆண்டுக்கான கோப்பை அதற்கே சென்றது. 'கேலோ இந்தியா' சர்வகலாசாலைப் பந்தயங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2020-ல் புவனேசுவரத்தில் நடந்த முதற் பந்தயத்தில் பஞ்சாப் சர்வகலாசாலை முதலாவது. 2022-ல் பெங்களூரில் நடந்ததில் அவ்வூர் ஜெயின் சர்வகலாசாலை முதலாவது.

ஆனால் இந்தக் கோப்பைகள் எல்லா விளையாட்டுக்களின் புள்ளிகளையும் கூட்டிக் கொடுக்கப்படுபவை. மல்யுத்தத்திலும் துப்பாக்கி சுடுவதிலும் மெடல்களை அள்ளிய சர்வகலாசாலை, கூடைப்பந்தில் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தாலும் கோப்பையைப் பெறக்கூடும். ஆகவே ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரனின் தகப்பனுக்கு இக்கோப்பை ஒரு சாட்சியமாகாது.

வேறொரு பேதமும் உண்டு. சென்னைச் சர்வகலாசாலைக் கோஷ்டி என்றால், அதன் இணைப்பிலுள்ள பல கலாசாலைகளிலிருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைகளின் கூட்டம். எஸ்.ஆர்.எம்., ஹிந்துஸ்தான் போன்ற தனியார் ஸ்தாபனங்களின் கோஷ்டி என்றால், ஒரே வளாகத்தில் உண்டு உறங்கி ஆடும் கூட்டம். தென்மண்டலப் பந்தயத்தில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முன்னது வென்றால் கீர்த்தி எந்தக் கலாசாலைக்கு என்று சொல்ல முடியாது. பின்னது வென்றால் உடனே விளம்பரத்தில் ஏறிவிடும். ஒரே தராசில் நெல்லையும் அரிசியையும் நிறுத்து விலை சொல்லுவது போன்றது இது.

மத்திய சர்க்கார் 2016 முதல் வெளியிட்டுவரும் கலாசாலைத் தரவரிசையாவது உதவுமா என்று பார்த்தோம். போதனை, ஆராய்ச்சி, பட்டம் பெற்றோர் நிலை, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் தன்மை, பொது மதிப்பு என்று அதற்கு ஐந்து தலைப்புகள். மைதானத்துக்கென்று தனித் தலைப்பு இல்லை. கண்ணால் காணமுடியாத 'மதிப்பு'க்குக்கூட ஒரு தலைப்பு இருக்கும்போது, கண்ணெதிரே கிடக்கும் மைதானத்துக்கு ஒன்றில்லை!

இப்போது நம் ஜில்லாவுக்கு வருவோம். திண்டுக்கல்லில் கலாசாலைகள் குறைவல்ல. 1964-ல் ஏற்பட்ட ஜி.டி.என். கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கு எம்.வி. முத்தையா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1984 முதல் பி.எஸ்.என்.ஏ. பொறியியற் கல்லூரி இருக்கிறது. சின்னாளபட்டிக்கு அருகே, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில் கிராமியக் கல்வி நிலையம் இருக்கிறது. இருந்தும் சர்வகலாசாலைப் பந்தயங்களின் பட்டியலில் திண்டுக்கல் என்ற பெயரை நேயர்கள் எங்கேனும் கண்டதுண்டா? காண முடியாது. ஏனெனில் ஜி.டி.என். பிள்ளைகள் ஆடினால் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கணக்கு. முத்தையா கல்லூரிப் பெண்கள் ஆடினால் அது கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் கணக்கு. பொறியியல் மாணவர்கள் ஆடினால் அது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கணக்கு. காந்திகிராமம் 1976 முதல் தனக்கெனச் சர்வகலாசாலை அந்தஸ்து உடையதாகையால் அது தனிக்கணக்கு. ஒரே ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நான்கு கொடிகளின் கீழ் சிதறி ஆடுகிறார்கள். பட்டியலில் ஊர் பெயர் இல்லாததைக் கண்டு, ஊரில் ஆட்டமே இல்லை என்று வெளியார் முடிவு கட்டுகிறார்கள். உள்ளூராரும் அதை நம்பிவிடுகிறார்கள் என்பதே துக்ககரமானது.

திண்டுக்கல் பெயர் விளையாட்டுப் பக்கத்தில் வராமலும் இல்லை. 2024-ல் 'திண்டுக்கல் டிராகன்ஸ்' என்ற கிரிக்கெட் கோஷ்டி தமிழ்நாடு பிரீமியர் லீக் பட்டம் பெற்றது. நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் ரஞ்சிப் பந்தயமே நடந்திருக்கிறது. இது கண்டு நாம் மகிழ்ச்சியடைகிறோம். ஆனால் அக்கோஷ்டி ஏலத்தில் எடுத்துச் சேர்த்த கோஷ்டி. ஊர்ப் பெயர் சட்டையில் இருப்பது ஒன்று; ஊர்ப் பிள்ளை சட்டைக்குள் இருப்பது வேறொன்று.

கூடைப்பந்துக்கு நம் அண்டையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வத்தலக்குண்டைத் தாண்டிச் சென்றால் பெரியகுளம். அவ்வூரில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கம் ஆண்டுதோறும் கோடையில் பி.டி. சிதன் ஞாபகார்த்தமாக அகில இந்தியப் பந்தயம் நடத்தி வருகிறது. பாங்குகள், ரயில்வே, ராணுவம், கப்பற்படை முதலிய பெரிய கோஷ்டிகள் அச்சிற்றூருக்கு வந்து ஆடுகின்றன. மாந்தோப்புக்காரர்களும் கடைக்காரர்களும் இரவு வெகுநேரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எந்தச் சர்வகலாசாலையின் கீர்த்தியும் துணையின்றி, ஊராரின் விடாமுயற்சியால் மட்டும் ஒரு பேட்டை கூடைப்பந்துக்குப் பெயர்பெற முடியும் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அங்கு வரும் கோஷ்டிகளின் பெயர்களைக் கவனித்தால் மற்றொன்றும் விளங்கும். கல்லூரியில் ஆடும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் சோறு போடுவது பெரும்பாலும் இந்த பாங்கு, ரயில்வே உத்தியோகங்களே. தமிழ்நாடு சர்க்கார் உத்தியோகங்களிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்தக் கதவுகளைத் திறக்க ஆட்டத்தோடு பட்டமும் வேண்டும்.

இதுவே விஷயத்தின் உயிர்நிலை. நம் தகப்பனார் கொண்டுவந்த இலவசக் கடிதத்தை வக்கீல் கண்ணால் படித்தோம். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, உடுப்பு உண்டு என்று வரிசையாக எழுதியிருந்தது. இரண்டாம் ஆண்டில் பிள்ளையின் முழங்கால் முறிந்து ஆட முடியாமற்போனால் அச்சலுகை நீடிக்குமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை! சொல்லாமல் விட்ட வரியில்தான் ஏழையின் ஆஸ்தி போகிறது என்பது கோர்ட்டில் நாம் தினமும் காண்பது. முழங்காலோடு படிப்பும் முறியுமானால், அது உபகாரச் சம்பளமன்று; கூலி ஒப்பந்தம். பெரிய ஸ்தாபனங்களை நாம் இதனால் நிந்திக்கவில்லை. பணம் செலவிட்டு மைதானமும் ஆசிரியரும் வைத்து ஏழைப் பிள்ளைகளை அழைப்பது நற்காரியமே. ஆனால் நற்காரியத்தை எழுத்தில் கேட்பது குற்றமாகாது.

ஆகையால் தகப்பன்மார் பட்டியலைக் கேட்பதை விடுத்து, ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சென்ற ஐந்தாண்டில் விளையாட்டுச் சலுகையில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? அவர்கள் இன்று என்ன உத்தியோகத்தில் இருக்கிறார்கள்? பயிற்சியாளர் எத்தனை ஆண்டாக இருக்கிறார். அவரிடம் பயின்றவர்களில் ஆசிரியரானவர் உண்டா? காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, சலுகை நிற்குமா நீடிக்குமா? முதலாண்டுப் பிள்ளை ஆடுகளத்தில் இறங்குவானா, பெஞ்சியில் உட்கார்ந்தே மூன்றாண்டைக் கழிப்பானா? இவ்வைந்துக்கும் எழுத்தில் பதில் தருகிற கலாசாலை, பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் உயர்ந்த கலாசாலையே. பதில் தர மறுப்பது முதலிடத்தில் இருந்தாலும் யோசிக்கத்தக்கது.

கலாசாலைகளுக்கும் ஊராருக்கும் நாம் சொல்லவேண்டியது வேறு. நான்கு கொடிகளின் கீழ் சிதறிக்கிடக்கும் நம் பிள்ளைகள் ஆண்டில் இரண்டு மாதமாவது ஓரிடத்தில் கூடி ஆடட்டும். திண்டுக்கல் கலாசாலைகளுக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே ஒரு பந்தய வரிசை ஏற்படுத்த எந்தச் சர்வகலாசாலையின் உத்தரவும் வேண்டியதில்லை. முதலமைச்சர் கோப்பைப் பந்தயங்களில் 2023 முதல் கல்லூரி மாணவருக்கும் தனிப்பிரிவு உண்டு. அங்கே கணக்கு ஜில்லாவின் பெயரில்தான். 2023, 2024 ஆகிய இரண்டாண்டிலும் சென்னை ஜில்லாவே மொத்தத்தில் முதலிடம் பெற்றது. தலைநகரை ஒரே நாளில் நம்மால் முந்த முடியாது. ஆனால் நம் பெயரை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய பலகை அது ஒன்று இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை என்ற அம்மையார் இந்தியப் பெண்கள் கூடைப்பந்துக் கோஷ்டியின் தலைவியாயிருந்து, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப்போல் உயரமும் வேகமும் உள்ள பெண்கள் நம் கிராமங்களில் இல்லையென்று எவர் சொல்வார்? மாலை ஆறு மணிக்கு மேல் மைதானத்தில் விளக்கில்லை, வீட்டுக்குத் திரும்பப் பஸ் இல்லை என்ற காரணத்தால் அவர்கள் வீட்டோடு நிற்கிறார்கள். இரண்டு விளக்குக் கம்பமும் ஒரு பஸ்ஸும் எந்தத் தரவரிசையையும்விட அவர்களுக்கு உதவும்.

சொன்னபடி அத்தகப்பனார் மூன்றாம் நாள் வந்தார். ஐந்து கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, மூன்று கலாசாலைகளுக்கும் அனுப்பும்படி சொன்னோம். அவர் மெதுவாகப் படித்துவிட்டு, "வாங்க வர்றவங்க பூட்டைக் கையிலே தூக்கிக் கனம் பாப்பாங்கய்யா, செய்யிற நாங்க உள்ளே லீவர் எத்தனைன்னு பாப்போம். இதுவும் அப்படித்தான்" என்றார். நாம் இரண்டு நாள் யோசித்து எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மூன்று இடங்களுக்கும் கடிதம் போயிருக்கிறது. இதை எழுதும்வரை பதில் வந்திருப்பது ஒரு கலாசாலையிலிருந்து மட்டும். அது சைக்கிளில் போய்வரக்கூடிய கலாசாலை. மற்ற இரண்டும் பதில் எழுதுமென்றே நம்புகிறோம். திண்டுக்கல் ஜில்லாவின் ஒவ்வொரு தகப்பனும் தாயும் இவ்வாண்டு இதே ஐந்து கேள்விகளை எழுதி அனுப்புவார்களானால், அடுத்த ஆண்டு கலாசாலைகள் தாமாகவே அப்பதில்களை அச்சிட்டு வெளியிடும். அன்று உண்டாகும் பட்டியலே பட்டியல்.